3சி 273 குவேசாரின் செம்பெயர்ச்சி 0.14-ஐத் தாண்டவில்லை, உதவி தேவை

வணக்கம். 3சி 273 கன்னி விண்மீன் கூட்டத்தில் தெரியும் குவேசார், அதாவது தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் மிகப் பிரகாசமான மையம். அதன் செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் விகிதம்) 0.158 என்பது 1963-இல் மார்ட்டின் ஷ்மிட் கண்டது. எனக்கு மூன்று இரவுகளாக 0.14-தான் வருகிறது. ஹப்பிள் மாறிலி (அண்டம் விரியும் வீதம்) 70 என்று வைத்து நேராகக் கணக்கிட்டால் தூரத்தில் சுமார் 25 கோடி ஒளியாண்டு குறைகிறது. இதை அப்படியே விட மனசில்லை.

8 அங்குல நியூட்டோனியன், மில்லிமீட்டருக்கு 100 கோடுள்ள கிரேட்டிங் (ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் தகடு), சென்சாருக்கு 50 மிமீ முன்னால். 3.75 மைக்ரான் மோனோ கேமரா, பிக்சலுக்கு 7.5 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு). ஏலகிரி, மார்ச், கன்னி உச்சிக்கு வரும் நேரம், 60 வினாடி வீதம் 40 படங்கள்.

ஹைட்ரஜனின் பீட்டா நிறமாலைக் கோடு 5629 ஆங்ஸ்ட்ராமில் விழ வேண்டும், 5540-இல் நிற்கிறது. காமா கோடு 5026-க்குப் பதில் 4940. மேடு அகலமானது, உச்சியைக் குறிப்பதில் இரண்டு பிக்சல் பிசகலாம், பன்னிரண்டு பிசகாது.

செய்து பார்த்தவை: அளவீட்டுக்கு டெனிபோலா என்ற விண்மீன். அதில் பீட்டா 4861, வளிமண்டல ஆக்சிஜன் பட்டை 7600 இரண்டும் சரியாக விழுகின்றன. கிரேட்டிங்கைக் கழற்றி இறுக்கி மாட்டினேன், அதே பிசகு. டார்க் (மூடி போட்டு எடுத்த படம்) கழித்து, ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுத்த படம்) கொண்டு வகுத்தாயிற்று. டெனிபோலாவுக்குப் பிறகு ஃபோகஸ் மட்டும் மறுபடி திருத்துகிறேன்.

பூஜ்ய நிலை (அலைநீளத்தை எண்ணத் தொடங்கும் இடம்) நகர்ந்திருந்தால் எல்லாக் கோடும் ஒரே அளவு தள்ளும். பிக்சல் அளவு (ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்பது) மாறியிருந்தால் சிவப்புப் பக்கம் கூடுதலாகத் தள்ளும். பீட்டாவும் காமாவும் அருகருகே இருப்பதால் வித்தியாசம் ஒரு பிக்சல்தான். தொலைவில் உள்ள ஹைட்ரஜனின் ஆல்பா கோடோ 7600-இலேயே, அந்த ஆக்சிஜன் பட்டைக்குள் விழுந்து இரண்டாக வெட்டுப்படுகிறது.

ஆல்பாவை நம்பாமல், பிழை பூஜ்ய நிலையிலா பிக்சல் அளவிலா என்று பிரித்தறிய என்ன வழி?