ஓடிசி லோடுக்குத் தமிழ்ச் சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மாதவரத்திலிருந்து, செவ்வாய் இரவு

வணக்கம். டிரெய்லர் ஓட்டுநர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 36 பக்கம், வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். டிரான்ஸ்பார்மர், பாய்லர், காற்றாலை இறக்கை மாதிரிப் பெரிய சாமான்களைச் சாலையில் கொண்டுபோகிறவர்களுக்கான புத்தகம். தொழிலில் இதை எல்லோரும் 'ஓடிசி லோடு' (ஓவர் டைமென்ஷனல் கார்கோ, அளவில் பெரிய சரக்கு) என்கிறார்கள், எடை மட்டும் கூடினால் 'ஓவர்வெயிட்'. இரண்டுக்கும் இதுவரை தமிழில் 'அதிக பாரம்' என்றே போட்டுவந்திருக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன்.

அது எவ்வளவு பெரிய தவறு என்று போன வாரம் யார்டில் ஓர் ஓட்டுநர் சொன்னபோதுதான் உறைத்தது. வண்டியை நிறுத்திய அதிகாரி "என்னப்பா, அதிக பாரமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் கையில் இருந்த தமிழ்த் தாளிலும் அதே சொல்தான் இருந்தது, அதனால் "ஆமாங்க சார்" என்றிருக்கிறார். ஆங்கிலத்தில் வாங்கிய அனுமதித் தாள் சீட்டுக்கு அடியில் பையில் கிடந்தது. அதை எடுத்துக் காட்டி, யார் யாருக்கோ போன் போட்டு, வண்டி நகர ஒன்பது மணி நேரம். "தப்புப் பண்ணலைன்னு சொல்றதுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை இல்லக்கா" என்றார்.

ஜல்லி லாரியில் அளவுக்கு மேல் அள்ளிப் போட்டால் அது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. சுமை பக்கவாட்டிலோ உயரத்திலோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000. ஆனால் குறிப்பிட்ட சுமைக்கு உரிய அதிகாரி விலக்கு கொடுத்திருந்தால் இந்த நீட்டல் அபராதம் கிடையாது என்றும் அங்கேயே இருக்கிறது. குற்றத்துக்கும் அனுமதி பெற்றதற்கும் ஒரே சொல்லை எப்படி வைப்பது? எனக்கு மூன்று சொற்கள் வேண்டும். அளவில் பெரியதற்கு, எடையில் பெரியதற்கு, அந்தத் தாளுக்கு.

மயிலாப்பூரிலிருந்து, புதன் காலை

அம்மா, வழி வள்ளுவரிடமே இருக்கிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்.' மயிலிறகே ஆனாலும் அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும். அவர் 'மிகுத்து' என்றது பிழையைத்தான். ஆகவே குற்றமான ஓவர்லோடை 'மிகைச்சுமை' என்று வைத்துவிடலாம். அனுமதி பெற்றதற்கு 'பெருமை' அடியாகச் சொல் அமைய வேண்டும். பெருமை உயிருக்கு முன்னால் 'பேர்' ஆகும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பேரளவுச் சுமை, பேரெடைச் சுமை. தாளுக்கு 'இசைவுச்சீட்டு'. 'பாரம்' வேண்டாம், வடசொல். 'கனரக' அதைவிட மோசம், கனம் ஒரு மொழி, ரகம் இன்னொரு மொழி, அதைத்தான் ஊர் முழுக்கப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எண்ணூரிலிருந்து, புதன் மதியம்

ஐயா, நான் 22 வருஷம் டிரெய்லர் ஓட்டிவிட்டு இப்போது யார்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பேரெடை சரி. பேரளவு உதவாது. எங்கள் ஆட்களிடம் 'பேரளவு' என்றால் 'பேருக்கு', சும்மா கணக்குக்கு என்றுதான் காதில் விழும். 'பேரளவுச் சுமை' என்று படித்தால் லோடே இல்லாத வண்டி என்று நினைத்துக்கொள்வான். உள்ளே 120 டன் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்கு மணலியில் வண்டி நகர்வதை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? லோடின் உச்சியில் ஒரு பையன் காய்ந்த மூங்கிலோடு உட்கார்ந்திருப்பான். மூங்கில் நுனியில் கவை மாதிரி ஒரு கட்டை. கேபிள் டிவி ஒயர் வந்தால் அந்தக் கவையில் ஏந்தித் தூக்கி, லோடு அடியில் போகப் போகத் தானும் பின்பக்கமாக நடந்தே வந்து இறக்கி விடுவான். கீழே ஒருவர் ஒவ்வொரு டயராக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நடப்பார். அந்த நேரத்தில் கத்திச் சொல்ல இரண்டு அசைக்கு மேல் இருந்தால் அது சொல்லே இல்லை. ஓடிசி என்பது ஒட்டிக்கொண்டது அதனால்தான். அதை எடுக்காதீர்கள்.

மயிலாப்பூரிலிருந்து, புதன் மதியம்

கத்துவதற்கு வேண்டிய சொல்லும் சட்டத் தாளுக்கு வேண்டிய சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, தம்பி. 'எடைமேடை' என்று எழுதிய முதல் நாள் அதையும் எதிர்த்திருப்பார்கள். இன்று எந்த நெடுஞ்சாலையில் பார்த்தாலும் பலகையில் எடைமேடைதான். சுங்கச்சாவடியும் அப்படியே.

எண்ணூரிலிருந்து, புதன் மாலை

எடைமேடை நிலைத்தது சரி ஐயா. மேடையும் தெரியும், எடையும் தெரியும், அதனால் நிலைத்தது. பேச்சில் இன்னும் 'டோல்'தான். 'மகிழுந்து' என்று பேசுகிற ஒரு டிரைவரை எனக்குக் காட்டுங்கள்.

கிண்டியிலிருந்து, புதன் இரவு

பாலங்களின் தாங்குதிறனைக் கணக்கிடுவது என் வேலை. அளவு, எடை என்று நாம் பிரித்துக்கொண்டிருக்கிறோம். விதி முதலில் கேட்பது வேறொன்றை: இந்தச் சுமையைப் பிரிக்க முடியுமா, முடியாதா? ஜல்லியை இரண்டு லாரியில் ஏற்றலாம். டிரான்ஸ்பார்மரின் உடலையோ காற்றாலை இறக்கையையோ அறுத்து இரண்டு வண்டியில் போட முடியாது. வழக்கமான அகலம் 2.6 மீட்டர், இணைப்பு இல்லாத லாரிக்கு நீளம் 12 மீட்டர் என்று வரம்பு வைத்துவிட்டு, அப்புறம் இவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுப்பதற்குக் காரணமே அந்தப் பிரிக்க முடியாத தன்மைதான்.

எடை விஷயத்தில் பாலம்தான் பேச்சு. பாலத்தைக் கணக்கிட விதி சொல்லும் மாதிரி வண்டிகளில் 'ஏ' வகுப்பு வண்டித் தொடர் 55.4 டன், அடுத்து '70ஆர்' என்ற சக்கர வண்டி 100 டன். சாலை, பாலங்களுக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதியில் இப்போது 'சிறப்பு வண்டி' என்று ஒன்று தனியாக இருக்கிறது. முன்னால் இழுவை வண்டி, பின்னால் 20 அச்சு, ஒவ்வொன்றிலும் 18 டன், எல்லாம் சேர்த்து 385 டன். அது பாலத்தில் போகும்போது வேறு வண்டி இருக்கக் கூடாது, மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடுக்கோட்டை விட்டு 300 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. பாலத்தின் நடுவில் பிரேக் போட்டு நிற்பதும் கூடாது. ஒரு காரணமும் சொல்கிறேன்: எடை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்க உத்தரம் மற்ற உத்தரங்களைவிட அதிகம் சுமக்க வேண்டியிருக்கும். கையேட்டில் என்ன சொல் போட்டாலும் இந்த நான்கையும் முதல் பக்கத்தில் போடுங்கள், தயவுசெய்து.

தாம்பரத்திலிருந்து, புதன் நள்ளிரவு

அச்சு என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கள் ஊரில் மாட்டுவண்டிக்கு 'இருசு'. தாத்தா 'இருசுக்கு மசை போட்டியா' என்றுதான் கேட்பார். அச்சு என்பதை வடமொழி அட்சத்தின் திரிபு என்று ஒரு சாராரும், தமிழ் அச்சிலிருந்தே அங்கே போனது என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள், என் கட்சி இரண்டாவது. ஆனால் இருசில் அந்த வழக்கே இல்லை. 2018இல் நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 ஆக உயர்த்தினார்களே, அதை 'இருசுப்பளு வரம்பு' என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு கச்சிதம்!

புறநானூறு 102ஐயும் இங்கே நினைக்க வேண்டும். இளைய எருது, நுகம் அறியாதது. வண்டியிலோ பண்டம் பெரிது ஏற்றியாயிற்று. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும் என்று உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் 'சேம அச்சு', அதாவது முறிந்தால் மாற்ற உபரி அச்சு, கட்டிக்கொண்டு போகிறார்கள். ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சு என்கிறார். பெருஞ்சுமை ஏற்றுகிறவனுக்கு வழி தெரிய வேண்டும் என்பது நம்மிடம் அன்றே இருந்த அறிவு. 2018 டிசம்பரில் வந்தவாசி பக்கம் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு ஒற்றைக் கல் பெருமாள் சிலை 240 சக்கர வண்டியில் கிளம்பியதே, நினைவிருக்கிறதா? செஞ்சியில் கடைகளை இடித்து வழிவிட்டு, போய்ச் சேர ஆறு மாதம். அதைக்கூடப் பத்திரிகைகள் 'ராட்சத லாரி' என்றுதான் எழுதின. சரியான சொல் இல்லாததால்தானே?

பெரம்பூரிலிருந்து, வியாழன் காலை

நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். கிண்டி அம்மா சொன்னதைப் படித்ததும் தோன்றியது: பிரிக்க முடியாத எண்ணை ஆறாம் வகுப்பிலிருந்தே 'பகா எண்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியானால் இது 'பகாச்சுமை'. நான்கு எழுத்துச் சொல்லோடு ஒரு ஒற்று, அவ்வளவுதான். ஓட்டுநர்களில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர் எவரும் பகா எண்ணைத் தாண்டித்தான் வந்திருப்பார்.

மயிலாப்பூரிலிருந்து, வியாழன் காலை

நன்னூலார் பகுபதம், பகாப்பதம் என்றதும் இதே அடிதான். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், எனவே வல்லெழுத்து மிகும், பகாச்சுமை என்பதே சரி. எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இது பேரளவு, பேரெடை இரண்டையும் பொதுவாக அடக்கும் சொல். தனித்தனிச் சொல் இன்னும் வேண்டும்.

எண்ணூரிலிருந்து, வியாழன் மதியம்

யார்டில் ஆறு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருக்குப் பகா எண் நினைவு வந்தது. மற்றவர்களுக்குப் பகாசுரன், வண்டி நிறையச் சோறு தின்றானே, அவன். அதனாலேயே மறக்க மாட்டோம் என்றார்கள். எனக்குச் சம்மதம். தனித்தனியாக வேண்டும் என்றால் 'அளவு கூடிய பகாச்சுமை', 'எடை கூடிய பகாச்சுமை' என்று பச்சைத் தமிழில் போட்டுவிடுங்கள். 'மீறிய' மட்டும் வேண்டாம், மீறினான் என்றாலே தப்புப் பண்ணினான் என்றுதான் அர்த்தம்.

மாதவரத்திலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. பகாச்சுமையைப் போட்டுவிட்டேன், முதல் மூன்று இடத்தில் மட்டும் பக்கத்திலேயே 'அதாவது ஓடிசி லோடு' என்று சேர்த்திருக்கிறேன். குற்றத்துக்கு ஐயா சொன்ன மிகைச்சுமை. இருசு அழகான சொல், ஆனால் வண்டிப் பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை, ஆக்சில் என்றே விட்டேன்.

தாளில் இன்னும் நிற்கிறேன். 'பர்மிட்' என்று எழுத மனம் வரவில்லை. பர்மிட் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வருவது, வண்டியைச் சரக்கு வண்டியாக ஓட்டுவதற்கானது, எல்லா லாரியிலும் இருக்கும். இந்தத் தாள் ஒரு சுமைக்கு, ஒரு பாதைக்கு, ஒரு முறை கொடுப்பது, வரம்பிலிருந்து விடுவிப்பது. இரண்டையும் பர்மிட் என்றால் அன்றைக்கு அந்த ஓட்டுநர் கையைப் பையின் எந்தத் தாளுக்கு நீட்டுவார்? 'விலக்குச் சீட்டு' என்று எழுதியிருக்கிறேன்.

எண்ணூரிலிருந்து, வியாழன் இரவு

அக்கா, வண்டி ஓட்டுகிற பாதிப் பேர் மதுரை, தூத்துக்குடிப் பக்கம். அவர்களுக்கு விலக்கு என்றால் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடம். விலக்குச் சீட்டு என்றால் ரூட்டு சீட்டு என்று நினைப்பார்கள்.

பெரம்பூரிலிருந்து, வியாழன் இரவு

'விதிவிலக்குச் சீட்டு' என்று போடுங்கள். விதிவிலக்கு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

மயிலாப்பூரிலிருந்து, வெள்ளி காலை

விதி வடசொல். 'வரம்புவிலக்கு' என்றால் பொருளும் இன்னும் பொருந்தும், நீளம் அகலம் எடை எல்லாம் வரம்புகள்தானே. இங்கே மூன்று பேர் விதிவிலக்குக்கு இசைந்துவிட்டது தெரிகிறது. நான் இசையவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். மறுபதிப்பு வரும்போது மீண்டும் கேட்பேன்.

மாதவரத்திலிருந்து, வெள்ளி மதியம்

ஐயா, வரம்புவிலக்கை நான்கு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், பிடித்திருக்கிறது. ஆனாலும் விதிவிலக்குச் சீட்டுதான் போகிறது, சாலையில் நிற்கிறவருக்கு அது உடனே புரியும். கிண்டி அம்மா கேட்ட நான்கும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. ஐந்து மணிக்கு அனுப்புகிறேன்.

தாம்பரத்திலிருந்து, வெள்ளி, 4.20

அனுப்புவதற்கு முன் ஒரு வேண்டுகோள். 'ஸ்டெப்னி' என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா? அது வேல்ஸில் லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர். நம்மிடம் சேம அச்சு இருக்கும்போது 'சேமச் சக்கரம்' என்று ஏன் எழுதக் கூடாது?

மாதவரத்திலிருந்து, வெள்ளி, 4.35

31ஆம் பக்கத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்றை மாற்றிவிட்டேன்.