ஸ்லீவ் சர்ஜரிக்குப் பிறகு பசி திரும்புவது ஏன்?

கயல்:
அம்மாவுக்கு எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் சர்ஜரி முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் பசி என்றே சொன்னதில்லை, வற்புறுத்தித்தான் சாப்பிட வைத்தோம். இப்போது சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வயிறு கிள்ளுகிறது என்கிறார். இரைப்பை விரிந்துவிட்டதா?

பொன்னிவளவன்:
விரிந்துவிட்டது என்று உடனே பயப்பட வேண்டாம். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கு அளவுக்கு வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்வளைவில். அதுவும் சேர்ந்தே போய்விடுகிறது. மிஞ்சிய குழாய் மாதிரியான இரைப்பையிலிருந்து உணவு சிறுகுடலுக்குச் சீக்கிரம் இறங்குவதால், 'போதும்' என்று சொல்லும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஹார்மோன்களும் கூடுதலாகச் சுரக்கின்றன. முதல் சில மாதம் பசி மரத்துப்போவது இதனால்தான். எடை இறங்க இறங்க உடம்பு அதை ஈடுகட்டப் பார்க்கும், பசி மெல்லத் தலைகாட்டும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் பலருக்கும் இது வரும். கெட்டியான உணவு அரை கப், ஒரு கப்பிலேயே வயிறு நிறைகிறதா என்று பாருங்கள். நிறைந்தால் குழாய் சரியாகத்தான் இருக்கிறது.

அடுப்படி_டயட்:
தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. கஞ்சி, குழைந்த ரசம் சாதம், டீயில் தோய்த்த பிஸ்கட் எல்லாம் குழாயில் நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் பசிக்கத்தான் செய்யும். முட்டை, மீன், பனீர், சுண்டல் இதில் ஒன்றை முதலில் சாப்பிடட்டும். அடுத்து காய். வயிற்றில் இடம் இருந்தால் மட்டும் சோறு. நாளுக்கு 60 கிராமாவது புரோட்டீன் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் கணக்குப் போட்டே கொடுங்கள். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி நேரம் போகட்டும். நன்றாக மென்று 20 நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிலவன்:
பசி மாதிரியே தோன்றும் இரண்டு விஷயங்களையும் விட்டுவிடக் கூடாது. ஒன்று அமிலம். ஸ்லீவுக்குப் பிறகு எதுக்களிப்பு சகஜம். வெறும் வயிற்றில் கிள்ளல், படுத்தால் நெஞ்செரிச்சல் என்றால் அமில மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று கேளுங்கள். இன்னொன்று சர்க்கரை இறங்குவது. இனிப்போ வெறும் மாவுச்சத்தோ சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்போடு பசி வரும். இரைப்பை பைபாஸ் சர்ஜரியில் இது அதிகம், ஸ்லீவிலும் வருவதுண்டு. அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் அப்போதைக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்துவிட்டு, அந்த அளவைக் குறித்து சர்ஜனிடம் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே தொடர்ந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், இன்றே கேட்டுவிடுங்கள்.