கடைப் பெயரைத் தேடினால் அடுத்தவர் விளம்பரம் வருகிறது: வழக்குப் போடலாமா?

முந்திரிக் கடைக்காரர், கடலூர்:
திருப்பாப்புலியூரில் கடை. பண்ருட்டிப் பருப்பைத் தரம் பிரித்து எங்கள் பாட்டி பெயரில் பொட்டலம் போட்டு விற்கிறோம். அந்தப் பெயரை, பதப்படுத்திய பருப்புகள் அடங்கும் 29ஆம் வகுப்பில் வணிகச் சின்னமாகப் பதிவும் செய்தாயிற்று. இப்போது கூகுளில் பாட்டி பெயரை அடித்தால், புதுச்சேரிக்காரர் ஒருவரின் விளம்பரம்தான் முதலில் நிற்கிறது. நேற்று ஓர் அம்மா அங்கே ஆர்டர் கொடுத்துவிட்டு, பருப்பு சொத்தை என்று என்னிடம் வந்து சண்டை போட்டார்!

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்:
கோபத்தில் அந்த விளம்பரத்தை நீங்களே தட்டிக்கொண்டிருக்காதீர்கள். பாட்டி பெயர் விளம்பர வரிகளில் தெரிகிறதா?

முந்திரிக் கடைக்காரர்:
ஒன்றில் தலைப்பிலேயே இருக்கிறது. இன்னொன்றில் அவர் கடைப் பெயர் மட்டும். "பண்ருட்டி முந்திரி" என்று தேடினாலும் அவரே வருகிறார் ஐயா.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்:
கடைசியதை மறந்துவிடுங்கள். ஊரும் சரக்கும் எல்லோருக்கும் பொது. இதுபோன்ற விளம்பரங்களுக்கு எதிராக பாரத் மேட்ரிமோனி தரப்பு கேட்ட இடைக்காலத் தடையையே 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது.

பாட்டி பெயரைத் தேடுபவருக்குத் தன் விளம்பரம் தெரியும்படி, அதை வெறும் தேடல் சொல்லாக (கீவேர்டு) மட்டும் வைத்திருந்தால் வழக்கு கடினம். வீட்டுச் சாமான் இடம் மாற்றித் தரும் அகர்வால் பேக்கர்ஸ் நிறுவனத்தின் வழக்கில் 2023 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம், அப்படி வைப்பதும் சின்னத்தைப் பயன்படுத்துவதுதான் என்றது. ஆனால் வாங்குபவர் குழம்பாதவரை அது மீறல் ஆகாது என்றும் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் பயண முன்பதிவுத் தளமான மேக்மைட்ரிப் தோற்றது இந்த இடத்தில்தான்.

தலைப்பில் பெயர் போட்டதுதான் உங்கள் பிடி. தேடல் சொல்லைக் கூகுள் தடுக்காது. விளம்பர வரியில் சின்னம் வந்தால், உரிமையாளர் புகார் செய்து கட்டுப்படுத்தலாம். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சண்டை போட்ட அம்மாவை விடாதீர்கள், குழப்பத்துக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. வழக்கென்று வந்தால் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 134ஆம் பிரிவுப்படி கடலூர் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். புதுச்சேரிக்கு அலைய வேண்டாம்.

விளம்பர வேலை பார்ப்பவர், புதுச்சேரி:
அதுவரை உங்கள் பெயருக்கு நீங்களும் விளம்பரம் கொடுங்கள் அண்ணா. சொந்தப் பெயருக்கே காசு கட்டுவது எரிச்சல்தான்.

முந்திரிக் கடைக்காரர் (எட்டு நாள் கழித்து):
புகார் செய்தேன். தலைப்பிலிருந்து பாட்டி போய்விட்டார். மற்ற விளம்பரம் இன்னும் வருகிறது. அந்த அம்மாவிடம் ஆர்டர் ரசீது கேட்டால், முதலில் ஒரு கிலோ முழுப் பருப்பு கொடு என்கிறார்.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்:
பில் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு கொடுங்கள். இனாமாகக் கொடுத்தால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அந்தப் பருப்பைப் பற்றித்தான் வரும்.