மொட்டை மாடியில் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) தலைகீழாக இருக்கிறது, ஒப்பந்தக்காரரிடம் எப்படிப் பேசுவது?

புதுவீட்டுக்காரன்:
அவசரம். மாடியில் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்து இருபது நாள்தான் ஆகிறது. நேற்றைய மழையில் தண்ணீர் குழாய்ப் பக்கம் போகாமல் எதிர் மூலையில் தேங்கிவிட்டது. ஒப்பந்தக்காரர், "வெயிலடித்தால் காய்ந்துவிடும், வேண்டுமானால் மேலே கோட்டிங் அடித்துத் தருகிறேன்" என்கிறார். நாளைக் காலை வருகிறார். என்ன பேசுவது?

ஆடிக்காற்று:
எத்தனை சதுர அடி? எவ்வளவு ஆழம் நிற்கிறது? அடுக்குமாடியா, சொந்த மனையா?

செங்கல்சூளை:
கடைசித் தவணையைக் கொடுத்துவிட்டீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

மூத்தகரணை:
இதற்கு இங்கே பலமுறை பதில் எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்பது பாலபாடம். 30 அடி ஓட்டத்துக்கு மூன்றரை அங்குலம் இறக்கம் வேண்டும். தட்டோடு பதிக்கும் முன்பே தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்துப் பார்த்திருக்க வேண்டாமா? வீட்டுக்காரர் அன்று எங்கே போனார்?

வேப்பமரத்தடி:
வேலைக்குப் போயிருப்பார் ஐயா. மட்டம் பார்க்கத்தானே ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கிறோம்?

சுண்ணாம்புக்காளவாய்:
தட்டோட்டைக் குறை சொல்லாதீர்கள். அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய காலத்தில் வாட்டம் தானாக அமைந்தது. இப்போது சிமெண்ட் கலவையை அள்ளிக் கொட்டுகிறார்கள்.

ஆடிக்காற்று:
சுண்ணாம்பு தானாக வாட்டம் பிடிக்காது. நூல் கட்டிய கொத்தனார்தான் பிடித்தார். என் வீட்டில் வெள்ளை ஓடு பதித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, ஒரு சொட்டு நிற்கவில்லை.

சுண்ணாம்புக்காளவாய்:
வெள்ளை ஓட்டில் மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்குமே, அதைச் சொல்லவில்லையே?

ஆடிக்காற்று:
தேய்த்துக் கழுவினால் பிடிக்காது.

புதுவீட்டுக்காரன்:
மன்னிக்கவும். 600 சதுர அடி, சொந்த மனை. மூலையில் ஒரு அங்குலம் நிற்கிறது. கடைசித் தவணை 1.5 லட்சம் என் கையில்தான் இருக்கிறது. அந்த மூலை பக்கத்து வீட்டை ஒட்டியது. மேலேயே இன்னொரு பூச்சு ஏற்றி வாட்டம் திருத்தலாமா?

செங்கல்சூளை:
தவணை கையில் இருக்கிறதா, அப்படியானால் பயப்படாதீர்கள். பூச்சு ஏற்றும் யோசனை வேண்டாம். 600 சதுர அடிக்கு ஒரு அங்குலம் கலவை ஏற்றினாலே ஏறக்குறைய 3 டன் கூடுதல் எடை. கோட்டிங்கும் தேங்கிய தண்ணீரை நகர்த்தாது.

நாளை ஒப்பந்தக்காரரோடு, தட்டோடு பதித்த கொத்தனாரையும் வரச்சொல்லுங்கள். தனித்தனியாக வந்தால் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவார்கள். இருவர் முன்னிலையில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர்களே பார்க்கட்டும். பணப் பேச்சை நீங்கள் முதலில் எடுக்க வேண்டாம்.

தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டம் திருத்தி மறுபடி பதிக்க மறுத்தால், தேங்கும் மூலையிலேயே கைப்பிடிச் சுவரைத் துளைத்து இன்னொரு நான்கு அங்குலக் குழாய் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பக்கத்து மனையில் விழக்கூடாது. உங்கள் சுவரோடு திருப்பி மழைநீர்த் தொட்டியில் விடச் சொல்லுங்கள்.

மூத்தகரணை:
குழாய் வைப்பது ஒட்டுப்போடுவதுதான். பெயர்ப்பதே முறை.

வேப்பமரத்தடி:
பெயர்க்கும்போது அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கிழிந்தால் யார் பொறுப்பு?

நீதிமன்றவாசல்:
ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம்) இதற்கு உதவாது. தன் மனையில் தனக்காக ஒருவர் கட்டும் வீடு அதில் வராது. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். 50 லட்சம் வரையிலான ஒப்பந்தம் என்றால் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். இப்போதே படம் எடுத்து, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

புதுவீட்டுக்காரன்:
வந்தார்கள். தண்ணீர் ஊற்றியதும் கொத்தனாரே ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை குழாய் வைக்கிறார்கள். அடுத்த மழை பார்த்த பிறகுதான் தவணை என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

செங்கல்சூளை:
கசிந்தால் எத்தனை ஆண்டு பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதினீர்களா?