படிக்கிற வரைக்கும் கல்விக் கடனுக்கு வட்டி உண்டா, இல்லையா?

குந்தா_பழைய_மேனேஜர்:
குன்னூரில் பிளஸ் டூ பெற்றோர் கூட்டத்தில் ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு, "கல்விக் கடனுக்குப் படிக்கிற வரைக்கும் வட்டியே கிடையாது, தைரியமா வாங்குங்க"ன்னு பேசினார். எல்லாரும் கை தட்டுறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. பச்சைத் தேயிலை விலையை நம்பி அடுப்பெரியுற சனத்துகிட்ட இப்படியா பேசுறது? காலேஜுக்குப் பணம் போன அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கேட்க மாட்டாங்க, அவ்வளவுதான்.

எமரால்டு_அப்பா:
சார், என் பையன் கடன் வாங்கித்தான் இன்ஜினியரிங் முடிச்சான். படிக்கிறப்போ ஒரு பைசா வட்டி கேட்கலை. கேட்காத வட்டி என்ன வட்டி?

குந்தா_பழைய_மேனேஜர்:
கேட்கலைன்னா ஓடலைன்னு அர்த்தமா? வருஷம் 1 லட்சம் வீதம் 4 வருஷம் வாங்குறீங்க, வட்டி 10 சதவீதம்னு வையுங்க. தவணை தொடங்குற அன்னைக்குத் தனிவட்டியே 1,40,000 சேர்ந்திருக்கும். அதை அசலோட சேர்த்து 5,40,000க்குத்தான் தவணை போடுவாங்க. கூட்டத்துல இதைச் சொன்னாரா அவர்?

கோத்தகிரி_குமார்:
குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த வட்டியை மத்திய அரசே கட்டுதே. 2009லிருந்து இருக்கிற திட்டம். மேனேஜருக்குத் தெரியாதா?

குந்தா_பழைய_மேனேஜர்:
தெரியாமலா? பேங்க் சீட்டுல இருந்தப்போ அந்தத் திட்டத்துல எத்தனை விண்ணப்பத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். தொழிற்படிப்புக்கு மட்டும்தான் அது. வருமானச் சான்று கொடுக்கணும். பாதியில படிப்பை விட்டா சலுகை போச்சு. வட்டி ஓடுறதாலதானே அரசு கட்டுது? எமரால்டுக்காரர் பையனுக்கும் அப்படித்தான் அரசு கட்டியிருக்கும்.

எமரால்டு_அப்பா:
நாங்க யாருகிட்டயும் சலுகை வாங்கிப் படிக்க வைக்கலை. வார்த்தையை அளந்து பேசுங்க.

கோத்தகிரி_குமார்:
சலுகை வாங்காதவங்க யாருங்க இங்க? நாலு ஏக்கர் தோட்டம், வீட்டு வாசல்ல ஜீப்பு. வருமானச் சான்றுல பார்த்தா வருஷம் 72 ஆயிரம்!

எமரால்டு_அப்பா:
ஜீப்பு யாரு வாசல்ல நிக்குதுன்னு கோத்தகிரி பூராவும் தெரியும் தம்பி. இலை போட்ட காசு கைக்கு வராம பேக்டரி வாசல்ல நின்னிருக்கியா நீ?

பந்தலூர்_மகள்:
அண்ணா, உங்க ஜீப்புச் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. எங்க பக்கம் கடனே கிடைக்கலை. தம்பி நர்சிங் படிப்புக்கு 6 லட்சம் கேட்டுப் போனா, "பட்டா கொண்டு வா"ங்கிறாங்க. கூடலூர், பந்தலூர்ல யாருக்குச் சொந்தம்னு இன்னும் முடிவாகாத பிரிவு 17 நிலத்துக்குப் பட்டா எங்க இருக்கு? ஜமீன் மாதிரி இருந்த ஜென்ம நிலங்களை ஒழிக்கிற அந்தச் சட்டம் வந்தது 1969ல. தாத்தா போய்ச் சேர்ந்தார், வழக்கு இன்னும் முடியலை.

குந்தா_பழைய_மேனேஜர்:
பட்டா கேட்டது தப்பும்மா. 7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீனே கேட்கக் கூடாது. கடன் திரும்பி வரலைன்னா பேங்குக்கு ஈடு கொடுக்க, 2015லிருந்து அரசோட கடன் உத்தரவாத நிதி இருக்கு. வித்யாலட்சுமி இணையதளத்துல விண்ணப்பம் போடுங்க. மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க.

பந்தலூர்_மகள்:
"கேட்கக் கூடாது"ன்னு இங்க எழுதுறது சுலபம் சார். சீட்டுல இருந்தப்போ எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பினீங்க? எழுத்துல கேட்டா "அடுத்த வாரம் வாங்க"ங்கிறாங்க. பஸ்சுக்கும் கூலிக்கும் ஒரு நாள் போகுது. அதுக்குள்ள காலேஜ்ல கட்டணத் தேதி முடிஞ்சிடும்.

குந்தா_பழைய_மேனேஜர்:
நான் யாரையும் திருப்பி அனுப்பினதில்லை. பேச்சை மாத்தாதீங்க. வட்டி ஓடுதா, இல்லையா?

கோத்தகிரி_குமார்:
கடன் எதுக்கு? அரசுப் பள்ளியில 6லிருந்து 12 வரைக்கும் படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீட்டுல கட்டணம், விடுதி எல்லாம் அரசே கட்டுது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்ல மாசம் 1,000 ரூபாய் வருது. இங்கிலீஷ் மீடியத்துல கொட்டிட்டு இப்போ அழுறாங்க.

பந்தலூர்_மகள்:
நாங்க எஸ்டேட் பக்கத்து அரசுப் பள்ளிதான் அண்ணா. ஒதுக்கீட்டுல எல்லாருக்குமா சீட்டு கிடைக்குது? முதல் பட்டதாரிச் சலுகையும் கவுன்சலிங்ல சீட்டு எடுத்தவங்களுக்குத்தான். கிடைக்காதவங்க எங்க போறது?

எமரால்டு_அப்பா:
அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மேனேஜர் வட்டியிலயே நிக்கிறார். திரும்பவும் சொல்றேன், என் பையன்கிட்ட வட்டி கேட்கலை.

குந்தா_பழைய_மேனேஜர்:
கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டைப் போடுங்க. மாசா மாசம் வட்டிப் பற்று இருக்கும். இல்லைன்னா நான் இனிமே இங்க எழுதலை.

எமரால்டு_அப்பா:
என் வீட்டுக் கணக்கை உங்களுக்கு எதுக்குக் காட்டணும்? இன்னும் மேனேஜர் சீட்டுலயே உட்கார்ந்திருக்கிறதா நினைப்போ?

குந்தா_பழைய_மேனேஜர்:
காட்ட மாட்டீங்க. காட்டினா வட்டி தெரிஞ்சிடும்.

கோத்தகிரி_குமார்:
ஜீப்பும் தெரிஞ்சிடும்.

எமரால்டு_அப்பா:
குமாரு, உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.