மெனுவில் சிவப்புப் பட்டை வருகிறது, எழுத்தைக் காணோம் – உதவி தேவை

குடியாத்தம்_பையன்: அவசரம். நான் எழுதும் ப்ரோகிராமின் மெனுவில் தேர்ந்தெடுத்த வரிக்கு மட்டும் சிவப்புப் பின்னணி வேண்டும். கலர் 129 என்ற கட்டளை கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. வேறு வழியில் பட்டை வந்தது, எழுத்து போய்விட்டது. வெள்ளிக்கிழமை பள்ளிக் கண்காட்சி. யாராவது சொல்லுங்க.

பாலாற்று_மணல்: எந்த கம்ப்யூட்டர் தம்பி? அந்த "வேறு வழி" என்ன வழி?

ரப்பர்_கீபோர்டு: பேப்பர் (பின்னணி) 2, இங்க் (எழுத்து) 7 போடுங்க, முடிந்தது. வேகம் வேண்டுமென்றால் 22528 + 32 × வரி + நெடுவரிசை என்ற முகவரியில் 23 போக் செய்யுங்க, அதாவது நினைவகத்தில் நேரடியாக எழுதுங்க. சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற 80களின் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் எழுதிய மெனு எல்லாம் இப்படித்தான்.

காட்பாடி_ஜங்ஷன்: முதலில் கரண்ட்டைப் பாருங்க. பழைய மெஷின், நம்ம ஊர் வெயில், பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் வெடிக்கிற வயசு. நிறப் பிரச்சினை எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும்.

குடியாத்தம்_பையன்: ஸ்பெக்ட்ரம் இல்லை சார், பள்ளி ஸ்டோர் ரூமில் கிடந்த 80களின் கம்ப்யூட்டர், பிபிசி மைக்ரோ, மாடல் பி. கரண்ட் நன்றாக இருக்கிறது. டிவியும் சரி.

அகழி_முதலை: பிபிசியில் எட்டு மோட், அதாவது திரை வகை, உண்டு. எந்த மோட் என்று சொல்லாமல் நிறம் கேட்பது, பஸ் நம்பர் சொல்லாமல் டிக்கெட் கேட்பது மாதிரி. இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

குடியாத்தம்_பையன்: ஆன் செய்ததும் வருவதுதான், மோட் 7. வரி இது: பிரிண்ட் டேப்(5,8) என்று திரையில் இடம், சிஎச்ஆர் 129, சிஎச்ஆர் 157 என்று இரண்டு நிறக் குறியீடு, அப்புறம் மெனு சொல்.

அகழி_முதலை: அதானே. மோட் 7 டெலிடெக்ஸ்ட், டிவியில் எழுத்துப் பக்கம் காட்டும் முறை. அதில் கலர் கட்டளை செல்லாது. 157 என்ன செய்யும்? அப்போதைய எழுத்து நிறத்தையே பின்னணி ஆக்கும். 129 கொடுத்ததால் எழுத்து நிறம் சிவப்பாகவே நிற்கிறது. சிவப்பின் மேல் சிவப்பு, எப்படித் தெரியும்?

பாலாற்று_மணல்: 157க்குப் பிறகு 135 சேருங்க தம்பி, எழுத்து வெள்ளை ஆகும். அடுத்த தொல்லையையும் இப்பவே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குறியீடும் திரையில் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பட்டை விழுந்த வரி மட்டும் வலப்பக்கம் தள்ளி நிற்கும். பட்டையும் வரியின் கடைசி வரை ஓடும். எனவே எல்லா மெனு வரியிலும் சொல்லுக்கு முன் மூன்று இடம் காலியாக விட்டு, சொல் முடிந்து ஒரே நெடுவரிசையில் 156 வையுங்க. அது பின்னணியைக் கறுப்பாக்கி நிறுத்தும். பட்டையை நகர்த்த, பழைய வரியின் அந்த மூன்று இடத்தில் வெற்றிடம், புது வரியில் 129, 157, 135. சொல்லைத் தொடவே வேண்டாம். அம்புக்குறி விசைக்கு எஃப்எக்ஸ் 4,1 கட்டளை கொடுத்தால் கீழே 138, மேலே 139 என்று, விசையைப் படிக்கும் கெட் (GET) மூலம் எண் வரும்.

ரப்பர்_கீபோர்டு: ஒரு நிறத்துக்கு மூன்று கட்டம் வீணா! ஸ்பெக்ட்ரமில் இந்தத் தலைவலியே இல்லை.

அகழி_முதலை: 8 × 8 கட்டத்துக்குள் இரண்டே நிறம் என்று பக்கத்து எழுத்தோடு நிறம் கலந்து அடித்துக்கொள்ளும் மெஷினை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சா? மோட் 7 திரைக்கு நினைவகத்தில் 1 கே (கிலோபைட்) தான் செலவு. மோட் 2 போனால் 32 கேயில் 20 கே அதற்கே போய்விடும்.

ரப்பர்_கீபோர்டு: கடன் வாங்கியாவது வீட்டில் வைக்க முடிந்தது ஸ்பெக்ட்ரம்தான். உங்க பிபிசி அரசு கொடுத்தால் உண்டு.

அகழி_முதலை: ஆமாம், 1984ல் கிளாஸ் என்ற அரசின் கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தது. அதில் என்ன கேவலம்? ஒரு மெஷினைச் சுற்றி பத்துப் பையன்கள் நின்று கற்றோம்.

பாலாற்று_மணல்: இரண்டு பேரும் தனி இழை போடுங்கப்பா. தம்பி, வந்ததா?

குடியாத்தம்_பையன்: வந்துடுச்சு அண்ணா. 135 போட்டதும் எழுத்து தெரிந்தது, வரியும் நகரவில்லை. நன்றி.

ரப்பர்_கீபோர்டு: மூன்று கட்டம் போச்சு, அதைச் சொல்லு.

காட்பாடி_ஜங்ஷன்: எதற்கும் அந்தக் கெப்பாசிட்டரை மாற்றிவிட்டு கண்காட்சிக்குக் கொண்டு போங்க.