பழைய வாய்க்கால் வழக்கின் தீர்ப்பு நகலைத் தேடிப் பெறுவது எப்படி?

கடைமடை:
எங்கள் ஏரியின் மடை ஒன்றிலிருந்து கடைசி வயல்களுக்குச் செல்லும் கிளை வாய்க்கால் குறித்து 1970களில் வழக்கு நடந்ததாகவும், அது உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு வரை சென்று முறைப் பாசன (முறை வைத்து நீர் பாய்ச்சும்) உரிமை உறுதியானதாகவும் ஊர்ப் பெரியவர்கள் கூறுகிறார்கள். வழக்கு எண் யாருக்கும் நினைவில்லை. நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைக் கொண்டு தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. நாங்கள் அவ்வழக்கில் தரப்பினராக இருக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேட்கலாமா? எங்கள் ஊர் தென்மாவட்டத்தில் உள்ளது.

பழைய கட்டு:
கணினிமயமாவதற்கு முன்பே முடிந்துபோன கீழமை நீதிமன்ற வழக்குகள் பெரும்பாலும் அத்தளத்தில் இரா. ஆகவே அங்கே கிடைக்காததைக் கொண்டு வழக்கே நடக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். இரண்டாம் மேல்முறையீடு வரை சென்றது தங்களுக்கு நல்வாய்ப்பு. அந்தத் தீர்ப்பின் முகப்பிலேயே முதல் மேல்முறையீட்டின் எண்ணும் ஆண்டும், மூல வழக்கின் எண்ணும், அவற்றை விசாரித்த நீதிமன்றங்களின் பெயர்களும் இருக்கும் என்பதால், அந்த ஒரு தாள் கிடைத்தால் மற்றவற்றை மேலிருந்து கீழாகத் தேடிச் செல்லலாம். மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் தொடங்கியது. தென்மாவட்ட வழக்காயினும் 1970களில் அது சென்னையில்தான் விசாரிக்கப்பட்டிருக்கும். இணையத்தில் தீர்ப்புகளைத் தேடும்போது ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் இட்டுப் பாருங்கள்.

அதுவும் பயன் தராவிட்டால், அதே வாய்க்காலில் பாயும் பக்கத்து நிலங்களின் கிரயப் பத்திரங்களை வாங்கிப் படியுங்கள். சொத்து விவரத்தில் "மாமூல் வாய்க்கால் பாத்தியம்" (வழக்கமாக அனுபவித்துவரும் வாய்க்கால் உரிமை) என்று எழுதுமிடத்தில், இன்ன எண் வழக்கின் டிக்ரிப்படி (தீர்ப்பாணைப்படி) என்று சில எழுத்தர்கள் சேர்த்திருப்பார்கள்.

வாய்தா:
தகவல் அறியும் உரிமை குறித்து மட்டும் சொல்கிறேன். குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, நீதிமன்ற ஆவண நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின் கீழ் நகல் மனு போட்டுத்தான் பெற வேண்டும். தரப்பினர் அல்லாதவர் நகல் எதற்கு என்று காரணம் காட்ட வேண்டியிருக்கும். தங்கள் நிலத்தின் சர்வே எண்ணையும் அவ்வாய்க்காலுடன் அதற்குள்ள தொடர்பையும் தெளிவாக எழுதினால் போதிய காரணமாகும். ஏரியின் ஆயக்கட்டுப் பதிவேடு (அதில் பாசனம் பெறும் நிலங்களின் பதிவேடு), மடை விவரம் போன்றவை நிர்வாகத் துறைகளின் ஆவணங்கள். அவற்றைத் தகவல் மனுவிலேயே கேட்கலாம்.

சர்வே கல்:
தீர்ப்பை மட்டும் வாங்கி நிறுத்திவிடாதீர்கள். வாய்க்கால் வழக்குகளில் நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் நேரில் பார்த்து வரைந்த வரைபடத்தை வைத்தே "அ முதல் ஈ வரையுள்ள வாய்க்கால்" என்று தீர்ப்பு பேசும். வரைபடம் இல்லாமல் அதைப் படித்து ஒன்றும் விளங்காது. டிக்ரியுடன் இணைந்த வரைபடத்துக்கும் சேர்த்து மனுப் போடுங்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் பணியில் உட்பிரிவு எண்கள் மாறியிருக்கக்கூடும் ஆகையால், பழைய எண்ணையும் இன்றைய எண்ணையும் புல வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று: அத்தீர்ப்பு அன்றைய தரப்பினரையும் அவர்கள் வழிவந்தவர்களையுமே பொதுவாகக் கட்டுப்படுத்தும். தங்களுக்கு அது சான்றாக உதவலாம். ஆனால் பிறர் நிலத்தின் வழியே நீர், பாதை போன்றவற்றைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கேட்கும் 20 ஆண்டு இடையறாத அனுபவத்தைத் தாங்கள் தனியே மெய்ப்பிக்க வேண்டியிருக்கலாம்.

கடைமடை:
நன்றி. பக்கத்து நிலத்தின் 1981ஆம் ஆண்டுப் பத்திரத்தில் மேல்முறையீட்டு எண் இருக்கிறது; ஆண்டு அழிந்துவிட்டது.

பழைய கட்டு:
பதிவேடுகள் ஆண்டுவாரியாக வைக்கப்படுபவை. பத்திரம் எழுதிய 1981இலிருந்து பின்னோக்கி, ஒவ்வோர் ஆண்டிலும் அதே எண்ணைப் பார்க்கும்படி தேடுதல் மனுக் கொடுங்கள்.